இடக்கைத் தெரு

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை காலை, கண்டித் தெருவில் கடைகள் பலகை திறக்கிற நேரத்தில், மளிகைக்கடைச் சேதுராமன் தன் வீட்டு முன்னறையில் ஒரு கதிரையின் மேல் ஏறி நின்று சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே அவர் மனைவி அன்னலட்சுமி கதிரையின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். விழாமல் இருக்கப் பிடித்தாளா, விழட்டும் என்று பிடித்தாளா என்பதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

“ஏங்க, இன்னைக்கேவா அதை மாட்டணும்?”

“சம்பந்தி வீட்டாளுங்க அந்தப் படத்தைப் பார்த்துத்தானே பொண்ணு கேட்டாங்க? அது இல்லாத சுவரைக் காட்டினா என்ன நினைப்பாங்க?”

“சுவருன்னு நினைப்பாங்க.”

ஆணி இறங்கிவிட்டது. படம் ஏறிவிட்டது.

சென்ற வாரம் பல்வலி, கல்யாணவீடு என்று ஏதாவது காரணத்தால் இந்தக் கதையைத் தவறவிட்டவர்களுக்கு அந்தப் படத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் அதற்குள் வெற்றிலை போட்டுக்கொண்டு வரலாம்.

எதிர் மாடியில் ஒரு மழைக்காலம் முழுவதும் ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். தெருவில் அவருக்குப் படக்காரத் துரை என்று பெயர். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கிற இயந்திரத்துக்கு உருளை உண்டல்லவா, அதற்குப் போர்த்தியது போக மிஞ்சிய செம்புத் தகடு ஒன்றை வாங்கி, அதில் ஊசியால் நம் தெருவைக் கீறினார். கீறியதைத் திராவகத்தில் குளிப்பாட்டினார். அந்தத் திராவகத்தின் புகை பட்டுத்தான் கண்டிக் காக்கைகளின் கழுத்து சாம்பல் நிறமாயிற்று. அதற்கு முன் அவை முழுக் கறுப்பு. பிறகு கோட்டுப் பள்ளங்களில் துணிப் பந்தால் வர்ணங்களை ஒற்றி, ஈரக் காகிதத்தை மேலே போட்டு, இரும்பு உருளையில் கொடுத்து அழுத்தி எடுத்தார். மஞ்சள் நிறத்துக்கு மட்டும் சேதுராமன் கடை மஞ்சள்தூள். அதனால் மழை நாளில் படம் ரசம் மாதிரி மணக்கும்.

பன்னிரண்டு படம் எடுத்தார். உடனே ஒரு ஆணியால் தகட்டில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்துவிட்டார். இனி யார் அதில் படம் எடுத்தாலும் அந்தக் கோடும் சேர்ந்து விழும். ஆகவே உலகத்தில் பன்னிரண்டுதான், அதற்கு மேல் கிடையாது. ‘நல்லா ஓடுற சரக்கை இப்படிக் கையோட கொன்னுட்டானே’ என்று சேதுராமனுக்குச் சில நாள் சோறு இறங்கவில்லை.

பதினொரு படங்கள் கோப்பித் தோட்டத்துத் துரைமாரின் பங்களாக்களுக்குப் போயின. பன்னிரண்டாவது, மழைக்காலம் முழுவதும் இடியப்பமும் சொதியும் கொடுத்த அன்னலட்சுமியின் வீட்டுக்கு. தகட்டையும் அவளிடமே கொடுத்துவிட்டுத் துரை கப்பலேறினார். குசினியில் அரிசிப் பானைக்கு வெகு நாளாக மூடி இல்லாமல் இருந்தது. இப்போது இருக்கிறது.

படத்தில் ஒரே ஒரு கோளாறு. செம்பில் கீறியதைக் காகிதத்தில் அழுத்தினால் இடம் வலமாகப் புரண்டுதான் விழும். அது தெரிந்து முதலிலேயே புரட்டிக் கீற வேண்டும். துரைக்கும் தெரியும். ஆனால் கோயில் எந்தப் பக்கம் என்று வாங்குகிற துரைமாரில் யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார். ஆகவே படத்தில் சேதுராமன் கடை தெருவின் மறுசாரிக்குப் போயிற்று. பிள்ளையார் கோயில் அதைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்தது. அம்பிட்டிய மலை, போகக்கூடாத திசையில் போய் உட்கார்ந்தது. நாவிதர் இடது கையால் சவரம் செய்தார். வண்டிக்காரர் இடது கையால் சோறு தின்றார். பெண்களின் மாராப்பு வலது தோளில் கிடந்தது. தெரு முழுவதும் பீச்சாங்கைத் தெருவாகிவிட்டது.

ஒருத்தியைத் தவிர. கடை முகப்பில் நின்று, நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒருவனுக்கு வெற்றிலை கொடுக்கிறாள் சேதுராமனின் மகள் சுந்தரி. வலது கையால். அழகாக.

இதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். அன்னலட்சுமி படம் வந்த அன்றே யோசித்துவிட்டாள். சுந்தரிக்குப் பிறவியிலேயே இடது கைதான் முந்தும். சாப்பாட்டுக்கு மட்டும், தலையில் குட்டிக் குட்டி, வலது கையைப் பழக்கியிருந்தாள் தாய். மற்றபடி கொஞ்சம் அவசரமென்றாலும் நீளுவது இடது கை. வெற்றிலையை அந்தக் கையால் நீட்டுகிற பெண்ணை எந்த வீட்டில் மருமகளாக எடுப்பார்கள்?

கணவரிடம் இதை அவள் சொல்லவில்லை. சேதுராமனிடம் ரகசியம் சொல்வதும் பெரஹரா ஊர்வலத்து யானை மேல் ஏறி நின்று கூவுவதும் ஒன்று. மேலும், தன் கடை மறுசாரிக்குப் போனதற்கு அவரே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் மாலை வெயில் விழாது. துரை நம் நன்மைக்குத்தான் மாற்றியிருக்கிறார்.

இந்த நிலையில், பதினொன்றில் ஒரு படம் வத்தேகமப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய துரையின் பங்களாவில் மாட்டப்பட்டது. மகன் சொன்னானென்று அங்கே ஒரு கோழி கொடுக்கப் போன ராக்கம்மா, படத்தின் முன் கோழியோடு நெடுநேரம் நின்றாள். ராக்கம்மா அந்தத் தோட்டத்துப் பெரிய கங்காணி அழகமுத்துவின் மனைவி. மகன் ராஜலிங்கம் அங்கேயே கணக்கப்பிள்ளை.

“ஊரே பீச்சாங்கையில திங்கிற ஊருல, ஒரே ஒரு பொண்ணு சோத்தாங்கையால குடுக்குது பாரு. இதுதான் எம்மருமக” என்று சொல்லிவிட்டுத்தான் கோழியைக் கீழே விட்டாள்.

விசாரித்துச் சேதுராமன் வீட்டைக் கண்டுபிடித்துப் பெண் கேட்டார்கள். இன்று நிச்சயத்துக்கு வெற்றிலை மாற்ற வருகிறார்கள்.

குசினியில் அன்னலட்சுமி அம்மியில் மருதாணி அரைத்து வழித்து வைத்திருந்தாள்.

“கைய நீட்டு.”

சுந்தரி நீட்டினாள். இடது கை.

“பார்த்தியா! நீட்டுன்னா அதுதான் வருது.”

“அந்தக் கையிலதானேம்மா வைக்கப் போறீங்க?”

“அதுக்காக அதுவேவா வரணும்?”

திட்டம் எளிமையானது. இடது கையில் மணிக்கட்டு வரை மருதாணியைக் கனமாக அப்பிவிடுவது. ஈரமாக இருக்கும்வரை அந்தக் கை எதையும் தொடாது. தொடாத கை நீளாது. கல்யாணப் பெண் கையில் மருதாணி இருப்பதை யார் குறை சொல்வார்கள்?

“சோத்தாங்கைக்கு?”

“அதுக்கு நாளைக்கு.”

“வத்தேகமவுக்குப் போன பிறகு? தெனமும் வண்டி பிடிச்சு வந்து மருதாணி வச்சிட்டுப் போவீங்களா?”

“அங்க போயி அது உன் மாமியார் பாடு. ஆடாம நில்லு.”

சுந்தரி ஆடாமல் நின்றாள்.

“அவுங்க படத்துல இருக்கறவளைத்தானேம்மா கேட்டு வாராங்க. என்னைய இல்லையே.”

“ரெண்டும் நீதான்டி.”

“இல்லம்மா. அவ என்னைய விட நல்லவ.”

அன்னலட்சுமி இன்னொரு உருண்டை மருதாணியை எடுத்து அப்பினாள். கல்யாணம் நின்றுபோனால் தெரு என்ன சொல்லும் என்பது அவள் கவலை. பொய்யில் கல்யாணம் நடந்தால் ஆயுசு முழுக்க ஒரு கையைக் கட்டிக்கொண்டு வாழ வேண்டுமே என்பது மகளின் கவலை.

வாசலில் மாட்டு வண்டி நின்ற சத்தம் கேட்டது.

முதலில் இறங்கியது ஒரு குடை. பிறகு அழகமுத்து கங்காணி. கோட்டின் பின்கழுத்தில் கறுப்புக் குடையைக் கொக்கியாக மாட்டிக்கொள்வது கங்காணிகளின் வழக்கம்தான். ஆனால் அழகமுத்துவின் குடைப்பிடி வாத்துத் தலை. பழைய துரை ஒருவர் சீமைக்குப் போகும்போது கொடுத்தது. பிடரிக்குப் பின்னால் அந்த வாத்து எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தால் தோட்டத்தில் பேச்சு அடங்கிவிடும்.

அடுத்து ராஜலிங்கம். நல்ல உயரம், இடது காதின் கீழ்ப் பாதி இல்லை. சிறுத்தை கடித்தது என்று தோட்டமே சொல்லும். கடித்தது உண்மையில் ஒரு கழுதை. ஆனால் கழுதை கடித்த மாப்பிள்ளை என்றால் கேட்க நன்றாக இராது என்று ராக்கம்மாவே அதைச் சிறுத்தையாக்கியிருந்தாள்.

கடைசியாக ராக்கம்மா, புதுச் சந்தன நிறச் சேலையில். மாராப்பு வலது தோளில்.

கண்டிப் பெண்கள் வலது தோளில்தான் போடுகிறார்கள் என்று படத்தில் பார்த்தவள் அவள். டவுனுக்குப் போகிறோம், டவுன் மரியாதைப்படி போவோம் என்று விடியற்காலையிலேயே மாற்றிக் கட்டிப் பழகியிருந்தாள். அன்னலட்சுமி அதைப் பார்த்தாள். வத்தேகமப் பக்கம் இதுதான் வழக்கம் போலிருக்கிறது, வந்தவர்களைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று விறுவிறுவென்று உள்ளே போய்த் தன் மாராப்பையும் வலது தோளுக்கு மாற்றிக்கொண்டு வந்தாள். அதைக் கண்ட ராக்கம்மாவுக்குத் திருப்தியாயிற்று. நாம் கட்டியது சரிதான்.

சுந்தரி குசினிக் கதவிடுக்கில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தாள். கண்ணை எடுத்தபோது அவள் முகம் வேறு முகமாக இருந்தது.

“என்னடி?”

“ஒண்ணுமில்லம்மா” என்றாள். ஆனால் சிரிப்பை அடக்குகிறவள்போல் இருந்தாள். 

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். சேதுராமன் படத்தைக் காட்டி, துரை எப்படி ஊசி பிடித்தார், எப்படி இருமினார் என்பது முதல் சொல்லத் தொடங்கினார். ராக்கம்மா எழுந்து போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

“பங்களாவுல பார்த்ததேதான். இந்தா, முதுகு காட்டி நிக்கிறானே, வெத்தில வாங்குறவன், இவனுக்கும் நம்ம தம்பி மாதிரியே பாதிக் காது. ஆனா சோத்தாங்கைப் பக்கத்துக் காது. கண்டிப் பக்கமும் சிறுத்த இருக்கும்போல, பாவம்.”

ராஜலிங்கம் மோட்டு வளையை நிமிர்ந்து பார்த்தான். வளை நன்றாகத்தான் இருந்தது.

“கங்காணியாருக்குக் களைப்பா இருக்கும்” என்றார் சேதுராமன். “வேணும்னா பின்னால போயி லேசா ஏதாவது…”

“எங்க வீட்டுல அந்த வாடையே ஆகாதுங்க” என்றாள் ராக்கம்மா பெருமையாக. “கதிர்காமத்துல சூடம் அடிச்சு சத்தியம் பண்ணி வுட்டுட்டாரு.”

“எல்லாம் முருகன் செயல்” என்று அழகமுத்து கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். பிடரியில் வாத்து மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மஹ்ரூப் வந்து சேர்ந்தார். திகன என்ற ஊர்க்காரர், கோப்பி மூட்டை ஏற்றுகிற வண்டிகளும் வெற்றிலை வியாபாரமும் உள்ளவர். சேதுராமனுக்கு நெடுநாள் சிநேகிதர், அந்த வீட்டுக்கு ‘நானா’, அதாவது அண்ணன் முறை. அவருக்கும் தெருவுக்கும் எந்தக் கெட்ட எண்ணமும் கிடையாது. வீடுகளைக் கலக்குவதற்கு அப்படிப்பட்டவர்கள் போதும்.

“நல்ல காரியம் நடக்கிற ஊட்டுக்கு நல்ல வெத்தில கொண்டாந்தீக்கிறேன் மொதலாளி. நம்ம பொஞ்சாதி உம்மு குல்சும் இனிப்புக்கு வட்டிலப்பமும் செஞ்சு குடுத்து உட்டீக்கிறா. அட, படம்! மாஷா அல்லாஹ்! இதத்தானே பாக்கணும்னு ஈந்தேன்.”

கிட்டப் போனார். கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார்.

“கடைக்கு மேல பலகையில ஈக்கிறது என்ன எழுத்து?”

“தொரைக்கு நம்ம எழுத்து வராது, ஏதோ கிறுக்கி வச்சிருக்கான். சில பேரு உங்க அரபுன்னாங்க நானா.”

“அரபா? வலத்துலேந்து இடத்துக்குப் போறது மெய்தான். ஆனா ஓத முடியல்லியே.” திடீரென்று தொடையில் தட்டினார். “அட, சாக்குக் கட்ட!”

“நானா, வட்டிலப்பம் உருகுது!” என்று அன்னலட்சுமி கதவருகிலிருந்து குரல் கொடுத்தாள்.

“வட்டிலப்பம் உருகாது தங்கச்சி. இங்க பாருங்க மொதலாளி. கோப்பி மூட்டையில தோட்டத்துப் பேரு குத்துற மரக்கட்ட ஈக்கில்ல? கட்டையில எழுத்துப் புரண்டு ஈக்கும், குத்துனா சாக்குல நேரா விழும். இந்தத் தொரை தகட்டுல நேரா எழுதிட்டாரு. அதான் கடுதாசில புரண்டீக்கி. சே, சேது, ராமன், மளிகை! வலத்துலேந்து ஓதிப் பாருங்க!”

“நானா, உங்க மாடு அவுத்துக்கிட்டு ஓடுது!”

“மாட்ட நான் கட்டவே இல்லியே, அது எங்க ஓட? எழுத்து மட்டுமில்ல மொதலாளி, கோயில், மலை, ஆளுக, எல்லாமே புரண்டுதான் விழுந்தீக்கி.”

சேதுராமன் எழுந்து நின்றுவிட்டார். “அப்ப என் கடை இந்தச் சாரியிலேயேதான் இருக்கு!”

“இப்ப எங்க நிக்கிறீங்க மொதலாளி?”

“நாவிதன் சோத்தாங்கை! வண்டிக்காரன் சோத்தாங்கை! அன்னம், கேட்டியா? நம்ம தெருவுல ஒருத்தன்கூட பீச்சாங்கை இல்ல!”

“மாராப்பு?” என்றாள் ராக்கம்மா.

“அதுவும் புரண்டதுதான் உம்மா” என்றார் மஹ்ரூப்.

ராக்கம்மா தன் வலது தோளைப் பார்த்தாள். பிறகு அன்னலட்சுமியின் வலது தோளைப் பார்த்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதென்று பார்வையாலேயே முடிவு செய்துகொண்டார்கள்.

ஆனால் ராக்கம்மா அங்கே நிற்கிறவள் இல்லை. “எல்லாரும் புரண்டவுகன்னா…” என்று இழுத்தாள். அவள் விரல் மெதுவாகப் படத்தின் மேல் நகர்ந்து, வெற்றிலை கொடுக்கும் பெண்ணிடம் வந்து நின்றது.

பல்லி ஒன்று சொல்லிற்று. என்ன சொல்லிற்று என்று யாரும் கேட்கவில்லை.

“மதினி, உங்க மக எந்தக் கை?”

“மருதாணி வச்சிருக்கா…” என்றாள் அன்னலட்சுமி.  சேதுராமனுக்குக் கூட விளங்கத் தொடங்கிவிட்டது. சிரித்த வாயை எப்படி மூடுவதென்று தெரியாமல் திறந்தபடியே வைத்திருந்தார். தான் என்ன செய்துவிட்டோம் என்று விளங்காத மஹ்ரூப், ஏதோ செய்துவிட்டோம் என்பது மட்டும் விளங்கி, வட்டிலப்பப் பாத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.

குசினியில் பானை மூடி எடுபடும் சத்தம் கேட்டது.

சுந்தரி வந்தாள். வலது கையில் செம்புத் தகடு. இடது கையில் சொட்டும் மருதாணி. ராக்கம்மாவின் எதிரில் உட்கார்ந்து தகட்டைத் தரையில் வைத்தாள். தினமும் புளி போட்டுத் துலக்கியதில் கோடுகள் கண்ணுக்குத் தெரியாமல் பளபளத்தது. இடது உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி, மருதாணியைத் தகடு முழுவதும் பரப்பினாள். பிறகு துரை செய்ததுபோல் கைவிளிம்பால் வழித்துத் துடைத்தாள். மேலே இருந்தது போயிற்று. பள்ளத்தில் இருந்தது நின்றது. கரும்பச்சைக் கோடுகளில் தெரு எழுந்து வந்தது. கோயில் கோயிலின் இடத்தில், கடை கடையின் இடத்தில், எல்லாவற்றுக்கும் குறுக்கே துரையின் ஆணிக்கோடு.

“இதுதாங்க அத்தை நெசம். கடுதாசில இருக்கறவ மரியாதக்காரி. நான் இவ.”

தொட்டுக் காட்டினாள். இடது கையால்தான். அது அவளுக்கே தெரியவில்லை.

ராக்கம்மா தகட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.  சேதுராமன் அந்த அமைதியைப் பொறுக்க முடியாமல், “சே. சேதுராமன் மளிகை” என்று தன் பலகையைத் தலைகீழாக எட்டிப் பார்த்து வாசித்தார். யாரும் பாராட்டவில்லை.

ராக்கம்மாவின் விரல் ஓரிடத்தில் நின்றது. வெற்றிலை கொடுக்கிற பெண்ணில் அல்ல, வாங்குகிறவனில்.

“தம்பி.”

ராஜலிங்கம் மறுபடியும் மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இங்கிட்டு வா. திரும்பி நில்லு. தலையத் திருப்பு.”

திரும்பினான். இடது காது. தகட்டிலும் இடது காது.

“ஏன்டா, தோட்டத்தத் தாண்டிப் போனதே இல்லன்னு சொன்னியேடா?”

“வெத்தில வாங்க வந்தேன்மா.”

“நீ வெத்தில போடமாட்டியே!”

“அதான்… மாட்டுக்குப் போட்டேன்.”

“அடப் பாவி” என்றார் அழகமுத்து. “செவலைக் காளை வாயெல்லாம் செவந்து கெடந்துச்சேன்னு வைத்தியரக் கூப்பிட்டுச் சூடு போட இருந்தேனே! பாக்கு சுண்ணாம்போடயா குடுத்த?”

“குடுத்தத அப்படியே குடுத்தேம்ப்பா.”

ராக்கம்மா மகனை விடவில்லை. “கோழியக் கொண்டுபோயி பங்களாவுல நீங்களே குடுங்கன்னு என்னைய அனுப்பினதும் இதுக்குத்தானா? அப்ப இந்தப் புள்ள கை உனக்குத் தெரியும்?”

“அந்தக் கையால குடுத்ததத்தான்மா வாங்கினேன். மொத நாளு தெரியாம அந்தக் கையால நீட்டிட்டு, பதறிப்போயி கைய மாத்தினாங்க. நாந்தான், வேணாம், வந்த கையாலயே குடுங்கன்னேன்.”

“அடியே! பேச்சுவார்த்தை வேறயா?” என்றாள் அன்னலட்சுமி.

“யாவாரம்மா” என்றாள் சுந்தரி தரையைப் பார்த்துக்கொண்டு.

இப்போது எல்லோரும் ராக்கம்மாவின் வாயைத்தான் பார்த்தார்கள். கல்யாணம் அவள் நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

“கோப்பி பறிச்சிருக்கியா புள்ள?”

“இல்லீங்க அத்தை.”

“நான் பறிச்சிருக்கேன். இவரு கங்காணியாகறதுக்கு முன்னால. ஒரு மரத்துக்கு ரெண்டு பேரு நிப்போம். முழங்கையும் முழங்கையும் இடிக்கும், பழம் கீழ கொட்டும், கங்காணி கத்துவாரு. எனக்கு மட்டும் இடிக்காது. ஏன் தெரியுமா? எஞ்சோடி மூக்காயி நொட்டாங்கை. அவ அந்தக் கிளைக்கு நீட்டுவா, நான் இந்தக் கிளைக்கு நீட்டுவேன். எங்களுக்கு முன்னால யாரும் கூடைய நெரப்பினதில்ல. அவ ஊருக்குப் போனதுலருந்து அந்த மாதிரி ஒரு ஆளு எனக்குக் கெடைக்கவே இல்ல.”

தகட்டை மடியில் கவிழ்த்து இறுக்கி வைத்துக்கொண்டாள்.

“எங்குசினி சின்னது. ரெண்டு சோத்தாங்கை நின்னா இடிச்சுக்கிட்டே கெடக்கணும். நீ வா. பயந்து பயந்து கைய மாத்தாத. எந்தக் கை வருதோ அந்தக் கையாலயே வெத்திலயக் குடு.”

மஹ்ரூப் வட்டிலப்பத்தைத் திரும்பவும் மேசையில் வைத்தார்.

சுந்தரி தாம்பாளத்தின் பக்கம் திரும்பினாள். கொழுந்து வெற்றிலையாக எடுத்து அடுக்கி, பாக்கு வைத்து, ராக்கம்மாவிடம் நீட்டினாள்.

நீண்டது வலது கை. தானாக. அவளே அதைப் பார்த்துத் திகைத்தாள். அத்தனை வருஷமாகக் குட்டியது, தேவையே இல்லாத அன்றைக்குப் பார்த்துப் பலித்தது. அன்னலட்சுமி யாரைக் குட்டுவதென்று தெரியாமல் தன் தலையிலேயே ஒன்று வைத்துக்கொண்டாள்.

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வெற்றிலை மாறியது. வட்டிலப்பம் காலியாயிற்று, உம்மு குல்சுமின் கைக்குத் தங்க வளையல் போடலாம் என்று சேதுராமன் சொல்ல, அதற்குத் தானும் சம்மதம் என்று மஹ்ரூப் சொன்னார், வளையல் யார் பொறுப்பு என்பதைப் பேசாமலே.

புறப்படும் நேரம். ராக்கம்மா மடியிலிருந்த தகட்டை எடுத்துச் சுந்தரியிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

“ஐயோ, சேலை!” என்றாள் அன்னலட்சுமி.

சந்தன நிறப் புதுச்சேலையில், மடிக்கு நேரே, தெரு விழுந்திருந்தது. கோயிலும் கடையும் வண்டியும் மருதாணிக் கோட்டில் அப்படியே, இடம் வலமாகப் புரண்டு, ஆணிக்கோடும் குறுக்கே. உலகத்தில் பன்னிரண்டுக்கு மேல் இல்லாத படம்.

“பதிமூணு!” என்று சேதுராமன் கத்தினார். செத்துப்போன சரக்கு எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்த வியாபாரியின் குரல் அது.

ராக்கம்மா கோபப்படவில்லை. மருமகள் கைப்பட்ட சேலை என்று அந்த இடத்தை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே வந்தவள், ஒரு மூலையில் நின்றாள்.

“சம்பந்தி, இந்த மூலையில ஒரு கதவு இருக்கே. மேல என்னமோ எழுதிருக்கு. அந்தத் தகட்டைப் பார்த்துச் சொல்லுங்க.”

சேதுராமன் ஆசையோடு தகட்டை வாங்கி, உரக்க வாசித்தார்.

“தவறணை.”

“ஓகோ. சாராயக் கடை.” ராக்கம்மா சேலையை இன்னும் கண்ணருகில் கொண்டுபோனாள். “ஒரு ஆளு மீசையத் தொடச்சுக்கிட்டு வெளிய வாரான். கழுத்துக்குப் பின்னால என்னமோ எட்டிப் பாக்குதே. குருவியா?”

“வாத்து மாதிரி ஈக்கி” என்றார் மஹ்ரூப், உதவி செய்ய.

அறையில் அழகமுத்து கங்காணி இல்லை. வாசலில், வெட்ட வெயிலில், குடையை எங்கேயோ மறைத்துவிட்டு, வெறும் பிடரியோடு, அவரே வண்டியில் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“மழ வாற மாதிரி இருக்கு!” என்று அங்கிருந்து சத்தம் போட்டார். “வெரசா வாங்க, சேல நனைஞ்சா அந்தக் கறை போயிரும்!”

“போவாதுங்க மாமா” என்றாள் சுந்தரி.

ராக்கம்மா வண்டியில் ஏறி, மடியை ஒழுங்காக விரித்து வைத்துக்கொண்டு, கணவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். வத்தேகமவுக்கு வண்டிப் பாதை நீளம். மருதாணியோ, நேரம் ஆக ஆகத்தான் சிவக்கும்.